டாக்: நான்கு வேரும் நான் நட்ட ஐந்தாவதும்

ஏப். 6, ஞாயிறு

வெயில். விசிறி முழு வேகத்தில், பயன் பூஜ்யம். ஆங்கில வீட்டுப்பாடம்.

வெள்ளிக்கிழமை மிஸ் டான் பிஸ்கட் டப்பாவோடு வகுப்புக்கு வந்தார். பிஸ்கட் என்று நம்பி நிமிர்ந்து உட்கார்ந்தோம். உள்ளே சீட்டுகள். உயர்நிலை மூன்றாம் வகுப்பு ஏமாறும் அழகே தனி. ஆளுக்கு ஒரு சொல், பல பொருள் உள்ள சொல். என்னென்ன பொருள், எங்கிருந்து வந்தது, செவ்வாய் அன்று மூன்று நிமிடம் பேச வேண்டும். நண்பன் ஹரிஷுக்கு 'பேங்க்'. எனக்கு 'டாக்'. குரைக்கிற டாக் இல்லை, கப்பல் நிற்கிற டாக். அப்பா வேலை செய்கிற டாக். வீட்டில் தினமும் கேட்டுக் காது புளித்த சொல்.

அகராதியைப் பார்த்தேன். ஒத்துக்கொள்ள மனமில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது. அது ஒரு சொல்லே இல்லை. நாலு வெவ்வேறு ஆசாமிகள் ஒரே பள்ளிச் சீருடையில்:

1. கப்பல் டாக். பழைய டச்சு. முதலில் கட்டடம் எல்லாம் கிடையாது. தண்ணீர் வற்றும்போது கப்பல் சேற்றில் உட்கார்ந்து உண்டாக்கிய பள்ளம், அவ்வளவுதான். அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது? உறுதியாகத் தெரியாது என்று அகராதியே எழுதியிருக்கிறது. (எங்கள் குடும்பத்தில் யார் வாயிலும் வராத வாக்கியம்.)
2. நீதிமன்றத்துக் குற்றவாளிக் கூண்டு. பெல்ஜியம் பக்கத்து மொழி. அங்கே அது கோழிக்கூண்டு, முயல்கூண்டு.
3. வெட்டுவது. முதலில் ஆட்டு வால், பிறகு சம்பளம்.
4. ஒரு களை. அகல இலை. இங்கிலாந்தில் காஞ்சொறிச் செடி பட்டு அரித்தால் இதைத் தேய்ப்பார்களாம். ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான், அதுவும் களை.

மடிக்கணினியைச் சொருகுகிற டாக், விண்வெளியில் போய் ஒட்டுகிற டாக், எல்லாம் முதலாம் ஆசாமியின் பேரன்கள்.

மதியம் பெரியப்பா வந்தார். இனி பெ.பா. முழுதாக எழுதினால் மை வீண். அப்பாவின் ஒரே அண்ணன், சிராங்கூன் சாலைப் பக்கம் வீடு, ஏதோ ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். கையில் மைக் இல்லாதபோதும் இருப்பதுபோலவே பேசுவார். கோழிக்கறியைப் பிசைந்துகொண்டே 'ஒன்' என்பது 'ஒன்று', 'எய்ட்' என்பது 'எட்டு' என்று இந்த வருடத்தில் பதினோராவது முறையாக நிரூபித்தார். என் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"டச்சா? எவன் சொன்னான்? டாக் கண்டிப்பா தமிழ்தான்டா. வேரத் தோண்டு, கெடைக்கும்." அப்புறம் அப்பாவைப் பார்த்து, "ஏம்பா, இருபத்தெட்டு வருஷமா ஜூரோங் டாக்குக்குள்ளயே கெடக்குற. அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னாவது தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது அண்ணா."

"தெரியாது! பாரு. இதான் நம்ம ஆளுங்க. செய்வான், ஆனா தெரியாது."

அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு அண்ணன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

என் அப்பா தன் அண்ணனிடம் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பழக்கம் எனக்கு வராமல் போனதில் பெருமை.

ஏப். 7, திங்கள்

வேர்தானே வேண்டும். கொடுத்தேன்.

பள்ளி விட்டதும் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தேன். அம்மா செய்த தக்காளித் தொக்கு. பாட்டிலைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. மிச்சம் தானாக வந்தது. பதினைந்து நிமிட வேலை. இங்கே ஒட்டிவைக்கிறேன், வருங்காலச் சந்ததி ரசிக்கட்டும்:

"*தமிழா! உனக்குத் தெரியுமா?* 🔥 சோழர் காலத்தில் கப்பல்கள் தொக்கி நின்ற துறைக்குத் *தொக்குத்துறை* என்று பெயர்! நம் மாலுமிகள் போன இடமெல்லாம் இச்சொல்லும் போனது! தொக்கு தேய்ந்து *டாக்* ஆனது! மறைத்தவர்கள் யார்? சிந்திப்பீர்! தமிழன் என்றால் பகிர்வீர்! 🙏🙏 முனைவர் த. தொ. வேந்தன், இலண்டன்."

த. தொ. = தக்காளித் தொக்கு. கையெழுத்துப் போடாத ஓவியன் உண்டா?

நேராக அனுப்பினால் மாட்டிக்கொள்வேன். ஹரிஷ் இதே புளோக்கில் ஆறாம் மாடி. கீழே போய் அவன் கைப்பேசியிலிருந்து அவன் அம்மாவுக்கு அனுப்பவைத்தேன். அவர் பதினேழு அரட்டைக் குழுக்களில் இருக்கிறார், எதையும் படிக்கமாட்டார், எல்லாவற்றையும் அனுப்புவார். அஞ்சல் துறைக்கு இப்படி ஓர் ஊழியர் கிடையாது.

"மாட்டுனா நான் இல்ல லா, சொல்லிட்டேன்," என்றான் ஹரிஷ். நண்பனாம்.

ஏப். 8, செவ்வாய்

மழை. காலணி நனைந்து நாற்றம். மூன்று நிமிடம் பேசினேன். கோழிக்கூண்டுக்கு வகுப்பு சிரித்தது. மிஸ் டான் கேட்டார், முதலாவதன் மூலம் உறுதியில்லை என்று ஏன் மூன்று தடவை சொன்னாய் என்று. உறுதியில்லை, அதனால்தான் மிஸ் என்றேன். தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.

குடும்பக் குழுவில் இன்னும் வரவில்லை. குழுவின் பெயர் 'அன்பு உறவுகள்', 41 பேர். இன்று வந்தவை: ரோஜா, காலை வணக்கம், ரோஜா, மூட்டுவலிக்கு வெந்தயம், ரோஜா.

ஏப். 9, புதன்

வந்துவிட்டது!!!

காலை 7.10, எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது. பெ.பா. கையால். 'பலமுறை பகிரப்பட்டது' என்ற பட்டையோடு. மேலே அவர் சொந்தச் சரக்கு: "படித்ததும் கண்கள் பனித்தன. ஞாயிறன்றே என் தம்பி மகனிடம் இதைச் சொன்னேன். நம்ப மறுத்தான்." ஞாயிறன்றே சொன்னாராம்! நான் திங்கள்தான் செய்தேன்.

எதிர்வினை: கைகூப்பு 19. நெருப்பு 6. ஜொகூர் சித்தப்பா: "அருமை அண்ணே, இதப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர மாட்டாங்க." அத்தை: ரோஜா.

நாற்பத்தொரு பேர். பொறியாளர் இருவர், தாதி ஒருவர், கணக்காய்வாளர் ஒருவர். அகராதியைத் திறந்து பார்க்க ஒரு விரல் இல்லை. இவர்களோடு நான் இரத்தம் பகிர்ந்துகொண்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அப்பாவும் கைகூப்பு போட்டிருந்தார். அதைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் என்னவோ. சரி, அவர் எல்லாவற்றுக்கும் போடுவார்.

ஏப். 10, வியாழன்

கெட்டது.

சனிக்கிழமை மாலை பெ.பா. சங்கத்தில் தமிழ்மொழி மாதத்துக்கான நிகழ்ச்சி. பேச வேண்டிய ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பெ.பா. அப்பாவைக் கூப்பிட்டார். 'கப்பல் பட்டறையில் தமிழர்', பத்து நிமிடம். ஸ்பீக்கரில் கேட்டது:

"மேடை ஒனக்குப் பழக்கமில்ல, தெரியும். அந்தத் தொக்குத்துறைல ஆரம்பி. சோழன், கப்பல், தொக்கு, டாக், அங்கேயே கைதட்டு வாங்கிரலாம். மீதி எப்படிப் போனாலும் பரவால்ல."

"சரி அண்ணா."

அப்பா இதுவரை மேடை ஏறியதில்லை. என் தொடக்கப்பள்ளி ஆண்டு விழாவில்கூடக் கடைசி வரிசையில் நின்றுதான் பார்ப்பார். இப்போது சமையலறை மேசையில் உட்கார்ந்து, என் செய்தியைப் பட்டறைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒவ்வோர் எழுத்தாக. முனைவர் த. தொ. வேந்தன் என்ற பெயருக்குக் கீழே கோடு வேறு.

"கவின், இலண்டனுக்கு 'இ' போடணுமா?"

"போடலாம், போடாமலும் விடலாம்ப்பா."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். இலக்கணம் சொன்னேன்.

ஏப். 11, வெள்ளி

வெக்கை. மேகம் சுற்றுகிறது, பெய்யவில்லை.

யோசித்த வழிகள்: (அ) அந்தத் தாளை ஒளித்துவைப்பது. மனப்பாடமே செய்துவிட்டார். (ஆ) எனக்குக் காய்ச்சல் வருவது. என்னை அம்மாவிடம் விட்டுவிட்டு அவர் போய்விடுவார். (இ) உண்மை. சீச்சீ.

அப்பா வேலை முடிந்து தேக்காக் கடைகளுக்குப் போய்ப் புதுச் சட்டை வாங்கி வந்திருக்கிறார். இளநீலம். பெட்டி மடிப்பு கலையாமல் கதவில் தொங்குகிறது. பட்டறைப் பையன்கள் ஏழு பேர் வருகிறார்களாம், துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து. செல்வம் என்பவர் மற்றவர்களை அழைத்து வருகிறார்.

"ஓய்வு நாள்ல மெனக்கெட்டு வர்றாங்கடா. செல்வம் கேக்குறான், ஃபோர்மேன் அண்ணே, வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பவான்னு."

வரவேற்பறையில் ஒத்திகை. நான்தான் பார்வையாளர். சோழரில் ஆரம்பித்தார். குரல் அவருடையது இல்லை, பெ.பா.வுடையது. கையைக்கூட அவர்போலவே தூக்கினார். பார்க்கச் சகிக்கவில்லை. "இத விட்டுட்டு நீங்க செய்ற வேலையச் சொல்லுங்களேன்ப்பா," என்றேன்.

"அதுல என்னடா இருக்கு?"

"சும்மா சொல்லுங்க."

மெதுவாகத்தான் சொன்னார். உலர்ந்த டாக்கின் தரையில் வரிசையாகக் கட்டைகளை அடுக்குவார்கள், வரைபடத்தில் இருக்கிறபடி. பிறகு கடலைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் நிறையும், கப்பல் உள்ளே வரும், கதவை அடைத்துத் தண்ணீரை இறைப்பார்கள். கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கட்டைகள்மேல் உட்காரும்.

"தண்ணி வந்ததுக்கு அப்புறம் கட்டை கண்ணுக்குத் தெரியாது. ஒண்ணு தள்ளி இருந்தாக்கூடக் கப்பலோட வயிறு நசுங்கிரும். அதனால தண்ணி விடுறதுக்கு முன்னாடி நானே எறங்கி நடப்பேன். ஒவ்வொண்ணயும் தொட்டுப் பாப்பேன். பாத்துட்டேன் அண்ணேன்னு எவன் சொன்னாலும் நம்பமாட்டேன். அவன் சொன்னான்னு நான் கையெழுத்துப் போடக் கூடாது."

"யார் சொன்னாலுமா?"

"யார் சொன்னாலும்."

இருபத்தெட்டு வருடமாக ஒவ்வொரு கட்டையையும் தொட்டுப் பார்க்கிற மனிதர். அண்ணன் அனுப்பியது என்பதால் இதை மட்டும் தொடவில்லை.

இன்றும் சொல்லவில்லை. இந்த நோட்டில் நான் திட்டியவர்களின் பட்டியல் நீளம். கடைசியில் என் பெயரையும் சேர்க்கிறேன், கோழை என்ற பிரிவில்.

ஏப். 12, சனி

நிறைய. வரிசையாக எழுதுகிறேன்.

பூன் லேயில் ரயில் ஏறினோம், நானும் அப்பாவும். அம்மாவைக் கடைசி நேரத்தில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஊட்ரம் பார்க்கில் மாறினோம். ஒவ்வொரு நிலையத்திலும் 'அடுத்ததில் சொல்கிறேன்' என்று தள்ளித் தள்ளி, டோபி காட் வந்துவிட்டது. அடுத்தது லிட்டில் இந்தியா, இறங்க வேண்டும். கதவு மூடும் சத்தம். சொன்னேன்.

"அப்பா, தொக்குத்துறைன்னு ஒண்ணு இல்ல. அது நான் எழுதுனது."

"என்னது?"

"அந்த மெசேஜ். வேந்தன்னு யாரும் இல்ல. த. தொ.ன்னா தக்காளித் தொக்கு."

லிட்டில் இந்தியாவில் இறங்கி நடைமேடை இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு ரயில் போனது. சனிக்கிழமைக் கூட்டம், யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் படிவத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்தார், முதல்முறை பார்ப்பதுபோல.

"யாருக்காகடா இது?"

"பெரியப்பாவ மாட்டிவிட. அன்னிக்கு உங்கள அப்படிப் பேசுனார்ல."

"எனக்கு வலிச்சுச்சுன்னு நான் சொன்னேனா?"

அடுத்த ரயிலுக்கு எத்தனை நிமிடம் என்று பலகையைப் பார்த்தேன்.

"செல்வம் முன்னாடி இதச் சொல்லியிருப்பேன்," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதி. "நாளைக்குக் குரூப்புல எழுது. உன் பேர் போட்டு எழுது." தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். எழுந்து நடந்தார்.

அரங்கில் பாதி நாற்காலி காலி. முன்வரிசையில் சங்கத்தார், பொன்னாடைக் குவியல். பின்வரிசையில் செல்வமும் ஆறு பேரும், எண்ணெய் வைத்து வாரிய தலை, கைப்பேசி தயார். பெ.பா. அப்பாவை அறிமுகம் செய்தார்: "படிப்பு கம்மி, ஆனால் உழைப்பாளி." நான் பல்லைக் கடித்த சத்தம் எனக்கே கேட்டது.

அப்பா மைக்கைப் பிடித்தார். மைக் கரகரத்தது. முன்வரிசையிலிருந்து பெ.பா. உதட்டசைத்தார்: சோழர், சோழர்.

"வணக்கம். டாக்குங்குற வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

ஞாயிறன்று சொன்ன அதே சொல். ஆனால் அன்று தட்டைப் பார்த்துச் சொன்னார். இன்று அரங்கத்தைப் பார்த்து.

பிறகு கட்டைகளைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் திறக்கும்போது வரும் சத்தம். கப்பல் உட்காரும் அந்த நிமிடம் டாக் முழுவதும் யாருமே பேசமாட்டார்கள் என்பது. தமிழ், வங்காளம், சீனம், மலாய் எல்லா மொழியும் வாயை மூடிக்கொள்ளும் என்றார். ஏழு நிமிடம்தான். திக்கினார், ஒரு இடத்தில் தமிழ்ச் சொல் வராமல் "பம்ப் ஓடும்ல, அந்த டைம்ல" என்று சமாளித்தார். பின்வரிசையில் மட்டும் ஏழு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசை விரல் நுனியில்.

அதோடு முடிந்திருக்கலாம். பெ.பா. பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார்.

"என் தம்பி அடக்கத்தினால் ஓர் அரிய செய்தியை மறைத்துவிட்டார்!" பையிலிருந்து கைப்பேசி. கண்ணாடி. தமிழா உனக்குத் தெரியுமா. முழுவதும் படித்தார், என் ஆச்சரியக்குறிகள் ஒவ்வொன்றையும் விடாமல். இலண்டன் என்ற சொல்லில் குரல் தழுதழுத்தது.

அரங்கம் அதிர்ந்தது. மாலை முழுவதற்கும் பெரிய கைதட்டு அதற்குத்தான். கணித்தமிழ் பற்றிப் பேசிய ஒருவர் எழுந்து குறித்துக்கொண்டார். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த குறும்பு, குறிவைத்த இடத்திலேயே விழுந்தது, நூறு பேர் சாட்சி. நான் திங்கள் முதல் காத்திருந்த காட்சி.

அப்பா மேடையில் உட்கார்ந்திருந்தார். கைதட்டவில்லை. இரண்டு கையும் முழங்கால்மேல். என்னையும் பார்க்கவில்லை.

திரும்பும்போது செல்வம் என்னிடம், "தம்பி, அந்தத் தொக்குத்துறை நெசமா? எங்க ஊரும் கடக்கரைதான், நாங்க கேள்விப்பட்டதே இல்லையே," என்றார்.

"இல்லண்ணே. பொய்."

"அதான் பாத்தேன்," என்றார். அரங்கத்திலேயே அதைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள்.

ஏப். 13, ஞாயிறு

மந்தாரம். காலை எழுந்ததும் எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு ஒரு மணி நேரம். பொய் பதினைந்து நிமிடத்தில் வந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

10.40. குழுவில் போட்டேன்: "அனைவருக்கும் வணக்கம். தொக்குத்துறை பற்றிய செய்தியை எழுதியது நான்தான், கவின். அது முழுப் பொய். அப்படி ஒரு முனைவர் இல்லை. டாக் என்ற சொல் டச்சிலிருந்து வந்தது, அதற்கு முன் உறுதியாகத் தெரியாது. மன்னிக்கவும்."

10.41. ஒன்பது பேர் பார்த்தார்கள்.

10.55. முப்பத்தாறு பேர்.

11.05. அத்தை: ரோஜா. இனிய ஞாயிறு.

11.10. ஜொகூர் சித்தப்பா: "இப்போ பிள்ளைங்களுக்கு எதுலயும் நம்பிக்கை இல்ல." நான் பொய் சொன்னதாக நான் சொல்வதை நம்ப மறுக்கிறார். இதை எந்த அகராதியில் தேடுவது?

11.30. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பனியன், கைலி. நேற்றிலிருந்து அளவாகத்தான் பேசுகிறார். என் வீட்டுப்பாட நோட்டைப் புரட்டினார். பள்ளம் என்ற இடத்தில் விரல் நின்றது. "சேத்துல கப்பல் உக்காந்த பள்ளமா? சரியாத்தான் வெச்சிருக்கானுங்க." அப்புறம், "இந்த நாலாவது, இலை. நம்ம ஊர்ல மொளைக்குமா?"

"தெரியாதுப்பா."

"பாத்துச் சொல்லு."

11.52. பெ.பா. என் செய்திக்கு நேர்கீழே 'பலமுறை பகிரப்பட்டது'. அதே தொக்குத்துறை. ஆனால் வளர்ந்திருக்கிறது. இப்போது ஒரு கல்வெட்டு இருக்கிறது. வேந்தனுக்குப் படம் இருக்கிறது, வெள்ளைத் தாடி, யார் பெற்ற பிள்ளையோ. த. தொ. என்றால் தமிழ்த்தொண்டராம். மேலே பெ.பா. வரி: "சிறுபிள்ளைகள் மறுத்தாலும் உண்மை உறங்காது. என் தம்பியும் இதை ஏற்கிறார்."

கைகூப்பு மூன்று நிமிடத்தில் பதினான்கு.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசி வரியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். கைப்பேசியை மேசைமேல் வைத்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். அடித்தார், அழித்தார். அம்மா கரண்டியோடு வந்து பின்னால் நின்றார். என் திரையில் 'அப்பா எழுதுகிறார்' வந்தது, போனது, வந்தது. எட்டு நிமிடம்.

12.03. அப்பா: "இல்ல அண்ணா."

அவ்வளவுதான். கைகூப்பு இல்லை, ரோஜா இல்லை.

நாற்பத்தொரு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

12.04. ஃபோன் அடிக்கிறது. பெ.பா.தான். அம்மா "எடுக்காதீங்க" என்கிறார். அப்பா ஒரு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஸ்பீக்கரில் போடுகிறார்.